ஆளுமைக் கோளாறு உள்ளவர்கள் தங்கள் வலியை வைத்தே ஜோக் அடித்துச் சிரித்துக்கொள்கிறார்களே, இதுதான் ட்ராமா பாண்ட் (trauma bond) என்பதா?

எனக்கு பார்டர்லைன் ஆளுமைக் கோளாறு (உணர்ச்சிகளும் உறவுகளும் நிலைகொள்ளாமல் ஆடும் மனநலக் கோளாறு) என்று 2019-ல் மருத்துவர் சொன்னார். அப்புறம் ஒன்றரை வருடம், சனிக்கிழமைதோறும் டிபிடி (DBT) என்ற பேச்சுச் சிகிச்சைக் குழுவுக்குப் போனேன். அங்கே சிரித்த அளவுக்கு நான் வேறெங்கும் சிரித்ததில்லை.

ஒரு நாள், கல்லூரியில் படிக்கும் பெண் ஒருத்தி போனைக் காட்டினாள். தோழிக்கு மெசேஜ் அனுப்பி நான்கு நிமிடம் பதில் வரவில்லை. அதற்குள் அழுது, நம்பரை பிளாக் செய்து, மனசு கேட்காமல் பிளாக்கை எடுத்து, மன்னிப்புக் கேட்டு ஒரு பக்கத்துக்கு எழுதியிருந்தாள். குளித்துவிட்டு வந்த தோழி, "என்னடி ஆச்சு?" என்று கேட்டிருந்தாள். எதிரே உட்கார்ந்திருந்த ஐம்பது வயது அக்கா நிதானமாகச் சொன்னார்: "நாலு நிமிஷம் தாங்கினியா? பரவாயில்லையே, எனக்கெல்லாம் ரெண்டுதான்." எல்லோரும் சிரித்துவிட்டோம். அந்தப் பெண்ணும் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். வெளியே சொன்னால் "இதுக்கெல்லாமா அழுவாங்க?" என்பார்கள். நம்மை விட்டுவிட்டுப் போய்விடுவார்களோ என்ற பயம் இந்தக் கோளாறில் எவ்வளவு பெரியது என்று அந்த அறையில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. டிபிடியை உருவாக்கிய மார்ஷா லினஹனே இளம் வயதில் மனநல மருத்துவமனையில் நோயாளியாக இருந்தவர். 2011-ல் அதை வெளிப்படையாகச் சொன்னார். சிகிச்சையாளர் நறுக்கென்று எதிர்பாராததைப் பேசுவதை இந்தச் சிகிச்சையில் ஓர் உத்தியாகவே வைத்திருக்கிறார்.

இந்த நெருக்கத்தை ட்ராமா பாண்ட் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மனதில் அடிபட்ட இருவர் நண்பர்களானாலே இப்போது அந்தப் பெயரை வைத்துவிடுகிறார்கள். 1981-ல் டட்டன், பெயின்டர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இந்தப் பிணைப்பைப் பற்றி எழுதியது வேறு விஷயம்: அடிக்கிற துணையை விட்டுப் பெண்களால் ஏன் விலக முடிவதில்லை என்பது. அதிகாரம் ஒருவர் கையில் இருக்கும். கொடுமையும் கொஞ்சலும் மாறி மாறி வரும். எப்போது எது வரும் என்று தெரியாததுதான் ஆளைக் கட்டிப்போடும்.

அதையும் நான் அனுபவித்திருக்கிறேன். நான்கு வருடம் ஒருவரோடு வாழ்ந்தேன். நண்பர்கள் முன்னால் என் மாத்திரை டப்பாவைக் குலுக்கி, "மேடம் இன்னைக்கு எந்த மூட்?" என்பார். நான் சிரிக்காவிட்டால் இரண்டு நாள் பேச்சு இருக்காது, மூன்றாம் நாள் மல்லிகைப்பூ வரும். அதனால் எல்லோருக்கும் முன்னால் நான் சிரித்துவிடுவேன்.

குழுவிலும் ஆபத்து இல்லாமல் இல்லை. தன்னைக் காயப்படுத்திக்கொண்டதைப் பற்றி மற்றவர்களிடம் பேசக் கூடாது என்று அங்கே விதியே உண்டு. ஒருவர் பேச்சு இன்னொருவரைத் தூண்டிவிடும். ஒருமுறை ஒரு தம்பி தன் கைத் தழும்பைப் பற்றி விளையாட்டாக ஏதோ சொல்ல, நாங்களும் சிரித்துவிட்டோம். அந்த அக்கா மட்டும் தலையைக் குனிந்து, புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். அவன்தான் முதலில் கவனித்தான். "ஸாரிக்கா, நிறுத்திடறேன்" என்றான். அவர் தலையாட்டினார். ஏன் சிரிக்கவில்லை என்று யாரும் அவரிடம் கேட்கவில்லை. அன்று நான் சிரித்ததுபோல அவர் முந்திக்கொண்டு சிரிக்க வேண்டியிருக்கவில்லை.