பள்ளிக்குக் கூத்து வாத்தியாரை அழைப்பதற்கு முன்

கேள்வி: திருவண்ணாமலைப் பக்கம் எங்கள் கிராமப் பள்ளியில் தெருக்கூத்துப் பயிற்சி நடத்த என்ன ஏற்பாடு வேண்டும்?

முதலில் மாதத்தைப் பாருங்கள். பங்குனி முதல் ஆடி வரை, மகாபாரதக் கதையை ஆடும் பாரதக் கூத்துக் காலம். கலைஞர்கள் விடிய விடிய ஆடிவிட்டுப் பகலில்தான் தூங்குவார்கள். ஆவணி, புரட்டாசி வசதி. ஐப்பசி மழையில் திறந்தவெளிப் பயிற்சி நின்றுவிடும்.

வாத்தியாரை மட்டும் அழைப்பதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. மிருதங்கக்காரரும் கூட வர வேண்டும். செல்போன் பாட்டுக்கு அடவு (ஆட்டத்தின் அடிவைப்பு) பழகிய பிள்ளை, நேரடித் தாளம் சற்று வேகமெடுத்தாலே தடுமாறும். 20 பிள்ளைகள், 10 நாள், தினம் ஒன்றேகால் மணி நேரம் போதும். முதல் நான்கு நாள் அடவும் தாளமும் மட்டும். பாட்டைப் பிறகு, பிள்ளைகளின் சுருதிக்கு இறக்கிச் சொல்லித்தரச் சொல்லுங்கள். பெரியவர்களின் உச்ச சுருதியில் கத்தினால் தொண்டை கட்டிவிடும். சிமெண்ட் தரை குதிகாலுக்கு ஆகாது; மரநிழல் மண்தரை நல்லது.

கிரீடமும் தோளில் கட்டும் புஜக்கட்டையும் மரத்தில் செய்தவை, கனமானவை. பிள்ளைகளுக்கு அட்டையில் வெட்டிக்கொள்ளலாம். முகத்தில் பூசும் அரிதாரத்தை முதல்நாளே முழங்கையின் உட்புறம் தடவி, அரிப்பு வருகிறதா பாருங்கள்.

சம்பளத்தில் பாதியை முன்பணமாகக் கொடுங்கள். "பொன்னாடை போர்த்துகிறோம்" என்றால் பஸ் கட்டணம்கூடத் தேறாது!