டிரெட்மில்லில் எத்தனை நிமிடம் நடந்தீர்கள்?

மும்பை வாசகர்கள் இந்த முறை அனுப்பிய கேள்விகளில் பெரும்பாலானவை டி.எம்.டி., அதாவது டிரெட்மில்லில் நடக்கவைத்து இ.சி.ஜி. எடுக்கும் இதயச் சோதனை பற்றித்தான். எல்லோரும் முதல் வரியிலேயே ‘பாசிட்டிவ்’, ‘நெகட்டிவ்’ என்று எழுதிவிடுகிறார்கள். எத்தனை நிமிடம் நடந்தோம் என்பதைக் கடைசியில்தான் எழுதுகிறார்கள், பலர் எழுதுவதே இல்லை. நான் முதலில் தேடுவது அதைத்தான்.

டாக்டர் சார், வயது 58. வேகமாக நடந்தால் நெஞ்சு இறுகுகிறது. டி.எம்.டி.யில் லேசாக இறுக்கம் வந்தது, ஆனாலும் நடந்தேன். கால் ஓய்ந்துபோய் ஏழாவது நிமிடத்தில் நிறுத்தினேன். எஸ்.டி. 1 மி.மீ. இறக்கம், பாசிட்டிவ், டியூக் ஸ்கோர் மைனஸ் 2 என்று ரிப்போர்ட். மைனஸைப் பார்த்து வீடே பயந்து கிடக்கிறது. (செம்பூர்)

டியூக் ஸ்கோர் என்பது ஆபத்தை அளக்கும் ஓர் எண். அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் பயம் பாதி போய்விடும். நடந்த நிமிடங்கள் 7. இ.சி.ஜி.யில் எஸ்.டி. என்ற பகுதியின் கோடு இறங்கிய மில்லிமீட்டரை ஐந்தால் பெருக்கிக் கழிக்க வேண்டும்: 5 போனது. வலி வந்தும் நடந்தால் 4 கழியும், வலியாலேயே நிறுத்தினால் 8. உங்களுக்கு 4. ஆக மைனஸ் 2.

ஸ்கோர் 5 அல்லது அதற்கு மேல் என்றால் ஆபத்து குறைவு. மைனஸ் 11 அல்லது அதற்குக் கீழே போனால் அதிகம். நீங்கள் நடுவில் இருக்கிறீர்கள். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக மருத்துவர்கள் 1991-இல் வெளியிட்ட ஆய்வில், குறைந்த ஆபத்துக்காரர்களில் 99 சதவீதம் பேர் நான்கு ஆண்டுகள் கழித்தும் உயிரோடு இருந்தார்கள். அதிக ஆபத்துக்காரர்களில் 79 சதவீதம்.

இதே 1 மி.மீ. இறக்கத்தோடு ஒருவர் வலியில்லாமல் பத்து நிமிடம் நடந்தால் அவருக்கு ஸ்கோர் 5. இன்னொருவர் மூன்றே நிமிடத்தில் வலி தாங்காமல் இறங்கி, கோடும் 2 மி.மீ. சரிந்தால் மைனஸ் 15. இவருக்கு ஆஞ்சியோகிராமைத் தள்ளிப்போட மாட்டேன். மூன்று பேர் ரிப்போர்ட்டிலும் இருக்கும் வார்த்தை என்னவோ ‘பாசிட்டிவ்’தான்! உங்களைப் போல நடுவில் இருப்பவர்களுக்கு இதயத்தைப் படம் எடுத்துப் பார்க்கும் ஸ்ட்ரெஸ் எக்கோ, நியூக்ளியர் ஸ்கேன் போன்ற இன்னொரு சோதனை வழக்கமாகத் தேவைப்படும். ரிப்போர்ட்டோடு இந்த வாரமே உங்கள் டாக்டரைப் பாருங்கள். நடக்கும்போது இறுகினால் நின்றுவிடுங்கள். உட்கார்ந்திருக்கும்போதே வலி வந்தால் காத்திருக்காமல் எமர்ஜென்சிக்குப் போங்கள்.

அப்புறம் ஒன்று. இந்த நிமிடங்கள் புரூஸ் முறைப்படி நடந்த நிமிடங்கள். மணிக்கு 2.7 கி.மீ. வேகம், 10 சதவீத ஏற்றத்தில் தொடங்கி, மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டும் கூடும். ஜிம்மில் சமதளத்தில் அரை மணி நேரம் நடப்பதை இதோடு ஒப்பிட வேண்டாம்.

மூன்று வருடம் முன்பு ஸ்டென்ட் வைத்தார்கள். தினமும் தாதர் ஸ்டேஷன் பாலம் ஏறி இறங்குகிறேன், ஒரு தொந்தரவும் இல்லை. வருடா வருடம் டி.எம்.டி. அவசியமா? (மாட்டுங்கா)

வழக்கத்துக்காக மட்டும் என்றால், என் கருத்தில் வேண்டாம். தென் கொரியாவில், சிக்கலான அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்த 1,706 பேரில் பாதிப் பேருக்கு ஓராண்டு முடிவில் இப்படிச் சோதனை செய்தார்கள். மற்றவர்களுக்குத் தொந்தரவு வந்தால் மட்டும் என்று விட்டார்கள். இரண்டு ஆண்டு முடிவில் மரணம், மாரடைப்பு போன்றவற்றில் பெரிய வித்தியாசம் இல்லை என்று 2022-இல் வெளியானது.

ஆனால் பாலத்தில் உண்மையாகவே நிற்காமல் ஏறுகிறீர்களா? பாதிப் படியில் நின்று போனை எடுத்துப் பார்ப்பவர்கள், ‘கூட்டம் நகரவில்லை’ என்பவர்கள் என்னிடம் நிறைய வருகிறார்கள். போன மாதம் ஏறிய படிகளுக்கு இந்த மாதம் மூச்சு வாங்கினால் உடனே சொல்லுங்கள், அப்போது சோதனைக்கு அர்த்தம் உண்டு. அதில் இன்னும் இரண்டைக் கவனிப்போம். நடக்க நடக்க ரத்த அழுத்தம் ஏற வேண்டும். இறங்கினால் கெட்ட அறிகுறி. நடையை முடித்த முதல் நிமிடத்தில் நாடித்துடிப்பு 12-க்கு மேல் குறைய வேண்டும்.

பக்கத்து வீட்டுக்காரருக்கு டி.எம்.டி. நெகட்டிவ். நான்கே மாதத்தில் ஹார்ட் அட்டாக். அப்படியானால் இந்த டெஸ்ட் எதற்கு? (தாராவி)

உழைக்கும்போது ரத்தம் போதாமல் செய்யும் அளவுக்கு இருக்கும் அடைப்பைத்தான் இது காட்டும். பாதிகூட அடைக்காத கொழுப்புப் படிவு ஒருநாள் வெடித்து, அதன்மேல் ரத்தம் உறைந்தும் அட்டாக் வரலாம். அதை டிரெட்மில் முன்கூட்டிச் சொல்லாது. நெகட்டிவ் வந்த கையோடு கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையை நிறுத்துகிறவர்களைப் பார்த்தால்தான் எனக்குக் கோபம் வருகிறது.

மெட்டோபிரோலால் சாப்பிடுகிறேன். டெஸ்டுக்கு முன் நிறுத்தலாமா? (சயான்)

இதயத் துடிப்பைக் குறைக்கும் இந்த மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், திடீரென்று விட்டால் நெஞ்சுவலி கூடலாம். நோய் இருக்கிறதா என்று கண்டுபிடிக்கத்தான் சோதனை என்றால், டாக்டரே சில நாள் நிறுத்தச் சொல்லலாம். நோய் தெரிந்தவருக்கு, மருந்தோடு எவ்வளவு தாங்குகிறார் என்று பார்க்க வேண்டுமானால் வழக்கம்போல் சாப்பிட்டே வர வேண்டும்.

அம்மாவுக்கு 66 வயது, மூட்டுவலி. இ.சி.ஜி.யில் லெஃப்ட் பண்டில் பிராஞ்ச் பிளாக். டிரெட்மில்லில் ஏற்றலாமா? (முலுண்ட்)

வேண்டாம். அந்த பிளாக் ரத்தக்குழாய் அடைப்பு அல்ல, இதயத்தின் இடப்பக்கத்துக்குப் போகும் மின் பாதையில் உள்ள தடை. அது இருந்தால் எஸ்.டி. மாற்றத்தை நம்ப முடியாது, மூட்டுவலியில் போதுமான நிமிடம் நடக்கவும் முடியாது. மருந்து செலுத்தி எடுக்கும் நியூக்ளியர் ஸ்கேன் பற்றிக் கேளுங்கள்.

சாப்பிட்டுவிட்டு வரலாமா? (கோலிவாடா)

இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு முன் இரண்டு இட்லி போதும். காபி வேண்டாம். செருப்போடு வராமல் ஷூ போட்டு வாருங்கள்.