காணி கேள்வி பதில்: மேய்ச்சல் தரையைக் காப்பாற்ற உறுதி எழுதலாமா?

அமெரிக்காவில் மாட்டுப் பண்ணைக்காரர்கள் ‘கொன்சர்வேஷன் ஈஸ்மென்ட்’ என்ற நிலக் காப்பு உறுதிப் பத்திரம் எழுதிவைத்து, பின்னால் வருகிறவர்கள் காணியைத் துண்டுபோட முடியாதபடி செய்கிறார்களாம். அது எப்படி?
– வாசகர், வேலணை

காணி கைமாறுவதில்லை. சொந்தக்காரர் மாடு வளர்க்கலாம், புல் வெட்டலாம், காணியை விற்கவும் செய்யலாம். துண்டாடும் உரிமையையும் வீடுகள் கட்டும் உரிமையையும் மட்டும் ஒரு நிலக் காப்பு அமைப்பிடம் உறுதி எழுதி விட்டுக்கொடுக்கிறார். அடுத்து வாங்குபவரையும் அந்தத் தடை கட்டுப்படுத்தும். கொலராடோவில் பண்ணைக்காரர்களே 1995இல் இப்படியொரு அமைப்பைத் தொடங்கினார்கள்.

மதிப்பீட்டாளர் தடை இல்லாமல் ஒரு விலை, தடையோடு ஒரு விலை போடுவார். வித்தியாசம்தான் விட்டுக்கொடுத்த உரிமையின் பெறுமதி. அதைத் தானமாகக் கொடுத்தால் வருமான வரியில் கழிக்கலாம். ஓராண்டில் கழித்து முடியாததை அடுத்த 15 ஆண்டுகளுக்குக் கொண்டுபோகலாம்.

பிழைக்கிற இடங்கள் இரண்டு. காணி வங்கியில் ஈட்டில் இருந்தால், தன் உரிமை இந்தத் தடைக்குப் பிந்தியதுதான் என்று வங்கி முதலிலேயே கையெழுத்திட வேண்டும். இல்லாவிட்டால் கடனுக்குக் காணி ஏலம் போகும்போது தடையும் போய்விடும். வரிச் சலுகையும் கிடைக்காது. மற்றது, வீடும் கொட்டிலும் அமையும் இடத்தை வரைபடத்தில் குறிக்காமல் விடுவது. பத்து வருடம் கழித்துக் கன்றுக் கொட்டில் போடப் போனால் அமைப்பு மறிக்கும், அதுவும் நியாயமாகவே. அமைப்பின் ஆள் ஆண்டுதோறும் வந்து, தொடக்கத்தில் எடுத்த படங்களோடு நிலத்தை ஒப்பிட்டுப் பார்ப்பார். அந்தச் செலவுக்கும் முன்கூட்டியே ஒரு நிதி வைக்கவேண்டும்.

எங்கள் 20 பரப்புத் தரவைக்கு (மேய்ச்சல் வெளிக்கு) இங்கே இலங்கையில் அப்படி எழுதலாமா?

அதே வடிவில் எழுத இங்கே தனிச்சட்டம் இல்லை. ஆனால் நமது உறுதிகளில் ‘வழி வாய்க்கால், கிணற்றுப் பங்கு’ என்று எழுதுகிறோமே, அதன் பின்னாலுள்ள ரோமன்-டச்சுச் சட்டம் மேய்ச்சல் உரிமையையும், மாட்டைத் தண்ணீருக்கு ஓட்டிச்செல்லும் உரிமையையும் ஏற்கிறது. நிபந்தனை, உரிமை இன்னொரு காணியைச் சேர்ந்ததாக இருக்கவேண்டும். அயலில் காணி இல்லாத சங்கத்துக்கு இப்படி எழுத முடியாது; மாடு வைத்திருக்கும் பக்கத்துக் காணிக்காரருக்கு எழுதலாம்.

முதலில் அது உங்கள் காணிதானா என்று பாருங்கள். தரவையில் அரச காணி கலந்திருப்பது உண்டு. பிறகு பங்காளிகள் எல்லோரும் கையெழுத்திட வேண்டும். வெளிநாட்டில் இருப்பவர் தனக்காகக் கையெழுத்திட இன்னொருவருக்குக் கொடுக்கும் அற்றோணித் தத்துவத்தில் இந்த உரிமையை எழுதிக்கொடுக்கும் அதிகாரம் வெளிப்படையாக இருக்கட்டும். ‘காணியைப் பராமரிக்க’ என்று மட்டும் இருந்தால் போதாது. நில அளவைப் படத்தில் எல்லை, குளம், மாடு போகும் பாதை மூன்றும் தெரியவேண்டும். நொத்தாரிசு முன் இரண்டு சாட்சிகளோடு எழுதி, உடனே காணிப் பதிவகத்தில் பதியுங்கள். சுணங்கினால், பிறகு வாங்கியவர் முந்திப் பதிந்து உங்கள் உரிமையைத் தள்ளிவிடலாம்.

ஒரு பலவீனமும் உண்டு. இரு காணியும் ஒருவர் கைக்கு வந்தால் அந்த உரிமை அழிந்துபோகும். இரு தரப்பும் சேர்ந்து இரத்துச் செய்யவும் முடியும். ஊருக்கே பொதுவாகத் தரை நிற்கவேண்டுமென்றால் 1917ஆம் ஆண்டின் நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அறக்கட்டளைதான் பலமானது. அப்போது காணி உங்களுடையதல்ல.

நன்கொடை உறுதியில் ‘பரம்பரையாக விற்கக்கூடாது’ என்று எழுதினால் போதாதா?

போதாது. தலைமுறை தலைமுறையாகக் காணியைக் கட்டிவைக்கும் முறையை 1972ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் ஒழித்துவிட்டது. யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைப்படி, பிரிக்காத பங்கை ஒருவர் வெளியாருக்கு விற்கப் புறப்பட்டால் மற்றப் பங்காளிகளுக்கு முதலில் வாங்கும் உரிமை உண்டு. ஆனால் அதற்குக் கையில் காசு வேண்டும்.