ஒரே வாணலியில் இரவுச் சாப்பாடு – கடிதம்

அன்புள்ள ஐயா,

வேலை முடிந்து வீட்டுக்கு வரவே ஏழு மணி ஆகிவிடுகிறது. ஒரே வாணலியில் இரவுச் சாப்பாட்டை முடித்துவிடலாம் என்கிறார்களே என்று, கோழி, உருளைக்கிழங்கு, குடைமிளகாய், தக்காளி எல்லாவற்றையும் நறுக்கிப் போட்டு மூடி வைக்கிறேன். கடைசியில் கிடைப்பது கொழகொழவென்று ஏதோ ஒன்று. கோழி நார்நாராகிவிடுகிறது, உருளைக்கிழங்கு நடுவில் வேகவே இல்லை. இதெல்லாம் வெறும் விளம்பரம்தானா?

ச.

அன்புள்ள ச.,

விளம்பரம் இல்லை. ஆனால் "எல்லாவற்றையும் போட்டு மூடு, முடிந்தது" என்று சொல்லிக்கொடுத்தவர்கள்மேல் எனக்கும் கோபம் உண்டு. பாத்திரம் ஒன்று என்பதற்காக எல்லாம் ஒரே நேரத்தில் உள்ளே போக வேண்டுமா என்ன?

கோழியும் காய்களும் தண்ணீர் விடும். நெருக்கிப் போட்டு மூடினால் அது ஆவியாகி வெளியே போக வழியில்லை. தண்ணீர் தேங்கி நிற்கும்வரை சூடு 100 டிகிரியிலேயே நிற்கும். கறி சிவந்து அந்த வாசனை வர 140 டிகிரியாவது வேண்டும்.

அதனால் கோழியை முதலில் தனியாகப் போடுங்கள். நெஞ்சுக்கறி சீக்கிரம் வறண்டு நார்நாராகிவிடும், எலும்பில்லாத தொடைக்கறி வாங்குங்கள். ஈரம் போகத் துடைத்து, உப்புப் போட்டு, காய்ந்த எண்ணெயில் இடைவெளி விட்டு அடுக்குங்கள். அப்புறம் கை வைக்காதீர்கள். நான்கைந்து நிமிடத்தில் அடிப்பக்கம் சிவந்ததும் துண்டு தானாக விட்டுக்கொடுக்கும். இழுத்தால் ஒட்டுகிறதா, இன்னும் ஆகவில்லை. இருபுறமும் சிவந்ததும் ஒரு தட்டில் எடுத்துவிடுங்கள், உள்ளே வேகாமல் இருந்தாலும் பரவாயில்லை. (ஒரு தட்டு கூடுதலாகக் கழுவ வேண்டிவரும். அந்தப் பழி என்னுடையது.)

அதே எண்ணெயில் உருளைக்கிழங்கு. சிறு துண்டுகளாக நறுக்கி, ஒரு கை தண்ணீர் தெளித்து மூடினால் பத்து நிமிடத்தில் கிட்டத்தட்ட வெந்துவிடும். பிறகு குடைமிளகாய். தக்காளி கடைசியில்தான். புளிப்பு சேர்ந்தால் உருளைக்கிழங்கு மெத்தென்று ஆக அடம்பிடிக்கும். உங்களுக்கு நடுவில் வேகாமல் போனதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கும். தக்காளி சாறு விட்டதும், அடியில் பழுப்பாக ஒட்டியிருப்பதை மரக்கரண்டியால் சுரண்டிக் கலந்துவிடுங்கள். ருசி முழுக்க அதில்தான் இருக்கிறது. அதைக் கருகல் என்று நினைத்துக் கழுவிக் கொட்டுகிறவர்களும் உண்டு, பாவம். இனி கோழியைத் தட்டில் வடிந்த சாறோடு திரும்பப் போட்டு, நடுவில் இளஞ்சிவப்பு மறையும்வரை மூடி வேகவிடுங்கள். வெப்பமானி இருந்தால் உள்ளே 74 டிகிரி காட்ட வேண்டும்.

நான்கு பேருக்குச் சமைக்கிறீர்கள் என்றால் 24 செ.மீ. வாணலி போதாது, 30 செ.மீ. வேண்டும். வாங்க மனமில்லையா, கோழியை இரண்டு தடவையாகச் சிவக்க வையுங்கள்.

இவ்வளவுக்கும் தெம்பில்லாத நாட்களுக்கு முட்டைதான். வெங்காயமும் தக்காளியும் வதங்கிக் கெட்டியானதும், கரண்டியால் நான்கு குழி பறித்து முட்டைகளை உடைத்து ஊற்றி, சின்னத் தீயில் மூடி வையுங்கள். வெள்ளைக்கரு இறுகினால் சரி, ரொட்டியோடு சாப்பிட்டுவிடலாம்.

சாப்பிட்டு எழுந்ததும் வாணலியில் வெந்நீர் ஊற்றி வையுங்கள். சூடாக இருக்கும்போதே பச்சைத் தண்ணீர் ஊற்ற வேண்டாம், அடி நெளிந்துபோகும்.