பாட்டியின் வாழ்க்கையை எழுதி வைக்க விரும்புவோருக்கு: சுங்கை சிப்புட் குடும்பங்களின் கேள்விகளும் பதில்களும்

நான் ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை. என் தாயார் மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள இந்தச் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரப்பட்டையைச் சீவிப் பால் எடுத்தவர். அவர் மறைந்த பதினாறாம் நாளுக்கு அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தபோது, அரைப் பக்கத்துக்கு மேல் எழுத என்னிடம் எதுவுமே இல்லை. அன்று முதல், தங்கள் வீட்டு மூத்த பெண்மணியின் வாழ்க்கையை எழுத விரும்பும் குடும்பங்களுக்கு என்னால் இயன்ற உதவியைச் செய்து வருகிறேன். இம்முறை வந்த கேள்விகளும் என் பதில்களும் கீழே உள்ளன.

டீச்சர், எங்கள் பாட்டியின் ஐ.சி.யில் (அடையாள அட்டையில்) பிறந்த ஆண்டு 1935 என்று உள்ளது. ஆனால் ஜப்பான்காரன் வந்தபோது தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் ஓடியதாகச் சொல்லுவார். எந்த ஆண்டை எழுதுவது? (பேத்தி, ஈப்போ)

இரண்டையும் எழுதுங்கள் அம்மா. தோட்டத்தில் பிறந்த பலருக்குச் சூரா (பிறப்புச் சான்றிதழ்) கிடையாது; பதிவு செய்ய வந்தவர் முகத்தைப் பார்த்தும் தாயாரைக் கேட்டும் எழுதிய ஆண்டுதான் பிறகு ஐ.சி.யில் நிலைத்துவிட்டது. உண்மையான வயதை நெருங்குவதற்கு, அவர் சொன்ன நிகழ்ச்சிகளை நாடறிந்த தேதிகளோடு பொருத்திப் பார்க்க வேண்டும். ஜப்பானியர் கோத்தா பாருவில் இறங்கியது 1941 டிசம்பர் 8. அந்த மாதம் முடிவதற்குள் ஈப்போ அவர்கள் கையில் இருந்தது. ஆகவே உங்கள் பாட்டி ஓடியது அந்த டிசம்பரின் கடைசி நாட்களில்தான் இருக்க முடியும். 1935இல் பிறந்திருந்தால் அப்போது அவருக்கு ஆறு வயது. ஆறு வயதுச் சிறுமி கைக்குழந்தையைத் தூக்கலாம்; தூக்கிக்கொண்டு ஓடுவது கடினம். எட்டோ ஒன்பதோ என்றால் பொருந்துகிறது.

இன்னொரு தேதி நம் ஊருக்கே உரியது. 1948 ஜூன் 16ஆம் நாள் சுங்கை சிப்புட் அருகே தோட்டத்துத் துரைமார் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதைத் தொடர்ந்து அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அந்த ஆண்டிலேயே 12 வயது நிறைந்த அனைவருக்கும் அடையாள அட்டை வழங்கத் தொடங்கினார்கள். முதல் அட்டைக்குக் கைரேகை வைத்தது அவருக்கு நினைவிருந்ததா, அது அவருக்குச் சடங்கு சுற்றியதற்கு முன்பா பின்பா என்று அவருடைய தங்கைமார் யாராவது இருந்தால் கேளுங்கள். ஆண்டைக் கேட்டால் பதில் வராது. எதற்கு முன், எதற்குப் பின் என்று கேட்டால் உடனே சொல்லிவிடுவார்கள்.

பாட்டி நாற்பது ஆண்டுகள் பால் வெட்டினார். அதைத் தவிரச் சொல்லிக்கொள்ளும்படியாக எதுவும் இல்லை. "அன்பின் உருவம், தியாகத்தின் சிகரம்" என்று எழுதினால் போதுமா? (மூத்த பேரன், கோலாலம்பூர்)

போதாது தம்பி. அந்த இரண்டு தொடர்களை எந்தப் பாட்டிக்கும் போடலாம், போட்டும் வருகிறார்கள். நீங்கள் ஒன்றுமில்லை என்று நினைத்து ஒதுக்கிய அந்த நாற்பது ஆண்டுகளில்தான் அவர் இருக்கிறார்.

ஒரு காலைப் பொழுதை மட்டும் எழுதிப் பாருங்கள். விடியுமுன் எழுந்து, சோற்றைக் கட்டி, தூங்கும் பிள்ளையைத் துணியில் சுற்றி ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுப் பெரட்டுக்கு (காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடும் இடத்துக்கு) ஓடியிருப்பார். வெயில் ஏறுமுன் வெட்டினால்தான் பால் நன்றாக இறங்கும் என்பதால் இருட்டிலேயே வேலை தொடங்கும். நிரையின் (மர வரிசையின்) முதல் மரத்தில் முந்தைய வெட்டில் உறைந்து கிடக்கும் கோட்டுப்பாலை ஒரே இழுப்பில் உரித்து, பால் வடியும் கிண்ணமான மங்கைத் துடைத்து வைத்து, உளியைச் சாய்த்து ஒரு கோடு இழுக்க வேண்டும். பட்டையில் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் சீவப்பட வேண்டும். ஆழம் குறைந்தால் பால் வராது. கொஞ்சம் கூடினால் மரத்தில் காயம் பட்டு, அந்த இடம் பிறகு முடிச்சாகிவிடும், மேற்பார்வை பார்க்கும் கங்காணியின் வசவும் கிடைக்கும். இதைத் தலைவிளக்கு வெளிச்சத்தில், கொசுக்கடிக்கு நடுவே, ஒரு நாளைக்குச் சுமார் 500 மரங்களில் செய்தவர் உங்கள் பாட்டி. பிறகு அதே நிரையை மீண்டும் சுற்றி வந்து பாலை எடுத்து, காண்டா வாளியில் (தோள்கம்பில் தொங்கும் வாளியில்) ஸ்டோருக்குச் சுமந்தார். மழை பெய்தால் வெட்டு இல்லை. வெட்டு இல்லையென்றால் அன்றைய கூலி இல்லை. மாலையில் வானத்தைப் பார்த்து அவர் கவலைப்பட்டதை வீட்டில் யாராவது பார்த்திருப்பார்கள், கேளுங்கள்.

என் தாயாரின் வலது கைக் கட்டைவிரலின் அடியில், உளிப்பிடி அழுத்திய இடத்தில், வெள்ளையாக ஒரு காய்ப்பு இருந்தது. வேலையை விட்டு இருபது ஆண்டுகள் ஆன பிறகும் அது மறையவில்லை. எனக்குக் காய்ச்சல் வந்தபோதெல்லாம் நெற்றியில் முதலில் பட்டது அந்தச் சொரசொரப்புதான். என் அரைப் பக்கத்தில் நான் அதை எழுதவில்லை. உங்கள் பாட்டியின் கை எப்படி இருந்தது என்று உங்கள் அத்தைமாரைக் கேட்டு எழுதுங்கள். அவருடைய அன்பை நீங்கள் தனியாகச் சொல்ல வேண்டியிருக்காது.

பாட்டியின் அப்பாவைச் சயாமுக்கு (இன்றைய தாய்லாந்துக்கு) பிடித்துக்கொண்டு போனார்கள்; திரும்பவில்லை. பாட்டி அதைப் பற்றிப் பேசியதே இல்லை. எழுதலாமா? (பேத்தி, தைப்பிங்)

எழுத வேண்டும். 1942இலும் 1943இலும் ஜப்பானியர் போட்ட 415 கிலோமீட்டர் நீளமுள்ள சயாம்-பர்மா ரயில் பாதைக்காக மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் கொண்டுசெல்லப்பட்டார்கள். போர்க்கைதிகளாக இருந்த வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் இருக்கின்றன. நம்மவர்களில் பெரும்பாலோருக்கு அதுவும் இல்லை. ஆகவே பூட்டனாரின் பெயரும் தோட்டத்தின் பெயரும் உங்கள் குடும்ப ஏட்டிலாவது இருக்கட்டும். ஆனால் பாட்டி பேசாததை நீங்களாகக் கற்பனை செய்து நிரப்ப வேண்டாம். அவர் எந்த வயதில் வேலைக்குப் போனார், யார் யாரை வளர்த்தார், அவருடைய அம்மா தாலியைக் கழற்றினாரா, கழற்றாமலே காத்திருந்தாரா என்பவை தெரிந்தால் எழுதுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில், சயாமுக்குப் போனவருக்காகப் பல ஆண்டுகள் இரவுச் சோற்றில் ஒரு பிடி எடுத்து வைத்திருக்கிறார்கள்.

பாட்டி பேசியது சுத்தமான தமிழ் இல்லை. பெரட்டு, கிராணி, தீம்பார், பாசார் என்றெல்லாம் பேசுவார். எழுதும்போது திருத்திவிடலாமா? (மருமகள், கிள்ளான்)

தமிழாசிரியையாக இருந்தவள் என்பதால் நான் திருத்தச் சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். திருத்தாதீர்கள். நீங்கள் எழுதும் பகுதியை நல்ல தமிழில் எழுதுங்கள். அவர் பேசும் இடத்தில் அவரே பேசட்டும். "பெரட்டுக்கு நேரமாச்சு, எந்திரி" என்று அவர் அழைத்ததை "அணிவகுப்புக்கு நேரமாகிவிட்டது, எழுந்திரு" என்று மாற்றினால், அந்தக் குரலை வீட்டில் யாரும் அடையாளம் காணமாட்டார்கள்.

"சேலம் ஜில்லா" என்பதைத் தவிர ஊர்ப்பெயர் எதுவும் தெரியவில்லை. எங்கே தேடுவது? (பேரன், பினாங்கு)

முதலில் வீட்டிலேயே தேடுங்கள். பழைய பித்தளைச் செம்பு, தவலை, குத்துவிளக்கு ஆகியவற்றின் கழுத்துப் பகுதியைப் புளி போட்டுத் துலக்கிப் பார்த்தால், புள்ளி புள்ளியாகப் பெயரும் சில வேளைகளில் ஊரும் வெட்டியிருக்கும். அடுத்து, குலதெய்வத்தின் பெயரைப் பெரியவர்களிடம் கேளுங்கள். ஊர்ப்பெயர் மறந்த குடும்பங்களிலும் சாமியின் பெயர் பெரும்பாலும் மறப்பதில்லை. கங்காணி வழியாக, கப்பல் செலவு கொடுக்கப்பட்டு வந்த குடும்பம் என்றால், அவர்கள் வந்தது 1938க்கு முன்பாகத்தான் இருக்கும். அந்த ஆண்டில் இந்திய அரசாங்கம் அத்தகைய ஆள்சேர்ப்பை நிறுத்திவிட்டது.

பாட்டி இங்கேயே பிறந்தவர். ஆனால் கடைசிவரை சிவப்பு ஐ.சி.தான் (குடியுரிமை இல்லாதவருக்கான அட்டை). அதை எழுதினால் குடும்பத்துக்குக் குறைவாக இருக்கும் என்று அப்பா சொல்கிறார். (பேத்தி, சுங்கை சிப்புட்)

அப்பாவிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்: அது பாட்டிக்குக் குறைவு அல்ல. பிறந்ததை நிரூபிக்கும் தாள் இல்லாததால் குடிமக்களுக்கான நீல அட்டை கிடைக்காமல் போனவர்கள் இந்த வட்டாரத்தில் பலர் இருந்தார்கள். 1969க்குப் பிறகு, குடியுரிமை இல்லாதவர்கள் வேலைக்குப் பெர்மிட் எடுக்க வேண்டியதாயிற்று. அதனால் எத்தனையோ பேர் தாங்கள் பார்த்தே இராத இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார்கள். உங்கள் பாட்டி போகவில்லை. போகாமல் இருக்க அவர் யார் யாரிடம் நடந்தார், எந்த அலுவலக வாசலில் காத்திருந்தார் என்பதை அப்பாவே சிறு பிள்ளையாக உடன் சென்று பார்த்திருக்கக்கூடும். அவரையே சொல்லச் சொல்லி எழுதுங்கள்.

அம்மாயி இன்னும் இருக்கிறார். ஆனால் நினைவு தடுமாறுகிறது. எப்படிக் கேட்பது? (பேத்தி, கோல கங்சார்)

காலையில் கேளுங்கள், சும்மா உட்கார வைத்துக் கேட்காதீர்கள். கையில் கீரையோ வெங்காயமோ கொடுத்து, நீங்களும் உடன் உட்கார்ந்து ஆயுங்கள். ஒரு பெரிய தாளில் லயத்து வீடுகளை (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளை) கட்டம் கட்டமாக வரைந்து, கோயிலையும் குழாயடியையும் குறித்து, "மூணாவது வீட்டில் யார் இருந்தது?" என்று கேளுங்கள். உங்கள் தோட்டம் செம்பனைத் (எண்ணெய்ப் பனைத்) தோட்டமாகிவிட்டது, லயங்களும் இடிக்கப்பட்டுவிட்டன என்று எழுதியிருந்தீர்கள். அந்தத் தாள் உங்கள் ஊருக்கே ஆவணம் ஆகிவிடும். நேற்றைய சாப்பாட்டை மறந்தவர்கள்கூட அறுபது ஆண்டுகளுக்கு முந்தைய அண்டை வீட்டாரை வரிசையாகச் சொல்வதை நான் கண்டிருக்கிறேன்.

பதினாறாம் நாளுக்குள் அச்சிட்டுவிட முடியுமா? (மகன், ஈப்போ)

முடியும், ஆனால் அவசரப்படாதீர்கள். அன்றைக்கு ஒரு படமும் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் பெயர்களும் போதும். முழு வரலாற்றை முதலாம் ஆண்டுத் திவசத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அப்பாயியின் ரசம் யாருக்கும் அந்த ருசியில் வரவில்லை. எல்லாவற்றையும் ஒரு பழைய பால் டின்னில்தான் அளப்பார். அளவை எப்படி எழுதுவது? (பேத்தி, சுங்கை சிப்புட்)

அந்த டின் இன்னும் இருக்கிறதா? இருந்தால் யாரும் தூக்கி எறிவதற்குள் எடுத்து வையுங்கள். அதில் விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி, அளவுக் குவளையில் கவிழ்த்து எத்தனை மில்லிலிட்டர் என்று குறித்துக்கொள்ளுங்கள். அப்பாயி விளிம்பு வரை அளப்பாரா, கோபுரமாகக் குவித்து அளப்பாரா என்பதை உங்கள் அம்மாவிடம் கேட்டு அதையும் எழுதுங்கள். பருப்புக்கு ஒரு விதமாகவும் மிளகுக்கு ஒரு விதமாகவும் இருந்திருக்கலாம்.