கடைசிச் சக்கரத்தின் வேகம்

வணக்கம். மருத்துவ நிதி திரட்டும் ஐந்து நாள் சைக்கிள் பயணத்துக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். இருபது பேர், தினமும் 120 கிலோமீட்டர். தனியாக 70 கிலோமீட்டர் வரை ஓட்டியிருக்கிறேன். கூட்டமாக ஓட்டியதே இல்லை. ஒரு நாள் எப்படிப் போகும், எங்கே சிக்கல் வரும்? எல்லாரையும் காக்கவைக்கும் ஆளாகிவிடுவேனோ என்பதுதான் பெரிய பயம்.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

உங்கள் பயத்திலிருந்தே தொடங்குகிறேன். மெதுவாக ஓட்டும் ஒருவரால் குழு தாமதமாவது குறைவு. முன்னால் போகிறவர்கள் அவரை உதறிவிட்டுப் போவதால்தான் தாமதமாகிறது. ஒருவர் பின்னால் ஒட்டி ஓட்டும்போது காற்றை முன்னவர் வாங்கிக்கொள்கிறார். பின்னவருக்கு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு உழைப்பு மிச்சம், வேகம் கூடினால் இன்னும் அதிகம். தொடர்பு அறுந்து 50 மீட்டர் பின்தங்கினால் அந்தச் சலுகை போய்விடும். ஏற்கெனவே களைத்தவர் முழுக் காற்றையும் தனியாகத் தள்ள வேண்டும். அதனால் முன்னால் இருப்பவர் கடைசி ஆளுக்கு ஏற்ற வேகத்தில்தான் போக வேண்டும். புறப்படும் முன் இதைக் குழுவில் பேசிவிடுங்கள்.

மணிக்கு 22 கிலோமீட்டர் என்றால் 120 கிலோமீட்டருக்கு ஐந்தரை மணி நேரம் பெடல் மிதிக்க வேண்டும். நிறுத்தங்களைச் சேர்த்தால் ஏழரை மணி. முதல் மணி நேரம்தான் ஆபத்தானது. உடம்பு புதிது, உற்சாகம் அதிகம், வேகம் தானாக 27, 28 என்று ஏறும். அதற்கான விலையை 90 கிலோமீட்டருக்கு மேல் கொடுக்க நேரும். முழு வாக்கியம் பேச முடியாமல் மூச்சு வாங்கினால் வேகம் அதிகம் என்று பொருள்; வெட்கப்படாமல் குரல் கொடுங்கள்.

முன்சக்கரத்துக்கும் முன்னவரின் பின்சக்கரத்துக்கும் இடையே, பழகும்வரை, ஒன்று முதல் ஒன்றரை மீட்டர் விடுங்கள். அதைவிட முக்கியம், உங்கள் முன்சக்கரம் அவருடைய பின்சக்கரத்துக்குப் பக்கவாட்டில் போய் நிற்கக் கூடாது. அவர் ஒரு குழியைத் தவிர்க்க ஒரு சாண் விலகினால் போதும், சக்கரங்கள் உரசும். அவருக்குச் சின்ன இடி மட்டும்தான். விழுவது நீங்கள், ஏனென்றால் சைக்கிளில் சமநிலையைக் காப்பதே முன்சக்கரத்தின் சிறு அசைவுகள்தான். ஏற்றத்தில் முன்னவர் எழுந்து நின்று மிதிக்கும் நொடியில் அவர் சைக்கிள் சற்றுப் பின்னுக்கு வருவதுபோல் இருக்கும். அங்கே இடைவெளியைக் கூட்டிக்கொள்ளுங்கள். இடைவெளி குறைந்தால் பிரேக்கை இறுக்காதீர்கள். மிதிப்பதை நிறுத்தி நிமிர்ந்து உட்காருங்கள். நெஞ்சில் படும் காற்றே வேகத்தைக் குறைத்துவிடும்.

குழுவுக்கு முன்னால் ஓட்ட உங்கள் முறை வரும்போது ஐந்து நிமிடம் போதும். புதிதாக முன்னால் வருபவர் அறியாமல் வேகத்தைக் கூட்டுவது எல்லாக் குழுவிலும் நடக்கும் தவறு. வளைவுகளிலும் இதே கதைதான். முன்னவர் திரும்பியதும் மிதித்துக் கிளம்பிவிடுவார், கடைசி ஆள் இன்னும் வளைவுக்குள்ளேயே இருப்பார். பின்னாலிருந்து “எல்லாரும் வந்தாச்சு” என்று குரல் வரும்வரை மெதுவாகவே போக வேண்டும். அந்தக் குரலைக் கொடுக்க, பஞ்சர் பார்க்கத் தெரிந்த, நன்றாக ஓட்டக்கூடிய ஒருவரைக் கடைசியில் வையுங்கள்.

பசிக்கும் முன்பே சாப்பிட வேண்டும். முதல் 40 நிமிடத்தில் தொடங்கி, மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து. நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் ஏறத்தாழ 25 கிராம் கிடைக்கும். தண்ணீர் மணிக்கு அரை லிட்டர் முதல் முக்கால் லிட்டர் வரை. வெயிலில் உப்பும் சேரட்டும். வெறும் தண்ணீரை மட்டும் லிட்டர் கணக்கில் குடித்தால் ரத்தத்தில் சோடியம் இறங்கி, தலைவலியும் குமட்டலும் வரும். நிறுத்தங்கள் 15 நிமிடத்தைத் தாண்டினால் கால் விறைத்துவிடும்.

பஞ்சர் ஆனால் குழு முழுவதும் சாலையோரத்தில் கூடி நிற்க வேண்டாம். இரண்டு பேர் உடன் இருந்தால் போதும். மற்றவர்கள் அடுத்த பாதுகாப்பான இடத்தில் காத்திருக்கட்டும். ஒவ்வொருவரிடமும் இரண்டு டியூப், டயரை நெம்பிக் கழற்ற இரண்டு டயர் லிவர், ஒரு பம்ப் இருக்க வேண்டும். அவசரத்தில் பலரும் புது டியூபை மட்டும் மாட்டிவிடுவார்கள். முள் டயரிலேயே இருக்கும், ஒரு கிலோமீட்டருக்குள் மறுபடி காற்று இறங்கும். கழற்றிய டியூபில் காற்றடித்து ஓட்டையைக் கண்டுபிடியுங்கள். வால்விலிருந்து அது எவ்வளவு தூரம் என்று பார்த்து, டயரில் அதே இடத்தைத் துணி சுற்றிய விரலால் உள்பக்கம் தடவுங்கள். துணி எங்கே மாட்டுகிறதோ அங்கே முள். ஓட்டை இரண்டாக, பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் முள் காரணமில்லை. காற்றுக் குறைந்த டயர் குழியில் நசுங்கி, டியூப் ரிம்மில் கடிபட்டிருக்கிறது. புது டியூபில் வடிவம் வருமளவு காற்றடித்து உள்ளே வையுங்கள். டயரின் கடைசிப் பகுதியைக் கட்டைவிரலால் ஏற்றுங்கள். லிவரால் நெம்பினால் புது டியூபும் கிழியும். காற்றடிக்கும் முன் இரண்டு பக்கமும் ஒரு சுற்றுப் பார்த்து, டியூப் எங்கும் ரிம்முக்கும் டயருக்கும் நடுவே சிக்கவில்லை என்று உறுதிசெய்துகொள்ளுங்கள்.

முழங்காலின் முன்பக்கம் வலித்தால், பெரும்பாலும் சீட் தாழ்வாக இருக்கும். ஒரு தடவைக்கு அரை சென்டிமீட்டர் மட்டும் உயர்த்துங்கள். சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்தால் உள்ளங்கை ஓரத்து நரம்பு நசுங்குகிறது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கைப்பிடியில் கை வைக்கும் இடத்தை மாற்றுங்கள். பஞ்சு வைத்த சைக்கிள் கால்சட்டைக்குள் உள்ளாடை வேண்டாம், அதன் தையல்தான் தோலை உரிக்கும்.

உடன் வரும் வண்டியில் ஏறுவது தோல்வி இல்லை. நிதி கொடுத்தவர்கள் உங்கள் நேரத்தைக் கணக்குப் பார்க்கப் போவதில்லை. வெயிலில் உடம்பு நடுங்கினாலோ, பேச்சு குழறினாலோ, வாந்தி வந்தாலோ யோசிக்காமல் ஏறுங்கள். பக்கத்தில் ஓட்டுபவருக்கு அப்படியென்றால் நீங்களே அவரை ஏற்றிவிடுங்கள்.

மாலையில் வந்து சேர்ந்ததும் கால்சட்டையைத் துவைத்துக் காயப்போடுங்கள், செயினைத் துடைத்து எண்ணெய் விடுங்கள். பிறகு வெளிச்சம் போவதற்குள் இரண்டு சக்கரங்களையும் மெல்லச் சுற்றி, டயரில் பதிந்திருக்கும் கண்ணாடித் துண்டுகளை ஊசியால் எடுத்துவிடுங்கள். இன்று உள்ளே இறங்காதது நாளை 40-வது கிலோமீட்டரில் இறங்கும்.