கூரையை விட்டு ஊரை அடித்த குண்டுகள்: கேள்வி பதில்

இரண்டாம் உலகப் போரில் பிரான்ஸின் அட்லாண்டிக் கரையில் ஜெர்மனி நீர்மூழ்கிக் கப்பல் தளங்களை வைத்திருந்தது. அங்கே கப்பல்கள் பங்கர் எனப்படும் தடித்த கான்கிரீட் கொட்டகைகளுக்குள் நின்றன. பிரிட்டனும் அமெரிக்காவும் அவற்றின் மேல் மாதக்கணக்கில் குண்டு போட்டன. அதைப் பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும்.

ஜெர்மன் நீர்மூழ்கிகளுக்குப் பிரான்ஸில் என்ன வேலை சார்?

1940 ஜூனில் பிரான்ஸ் வீழ்ந்தது. அதுவரை அட்லாண்டிக்குக்குப் போக வேண்டிய ஜெர்மன் நீர்மூழ்கிகள் வடகடலில் இறங்கி, ஸ்காட்லாந்துக்கு மேலே சுற்றிக்கொண்டு போயின. எண்ணெயும் நாட்களும் வழியிலேயே கரைந்தன. பிரான்ஸ் கைக்கு வந்ததும் வாசலைத் திறந்தால் கடல் என்று ஆகிவிட்டது. ஜூலை 7ஆம் தேதியே யூ-30 என்ற நீர்மூழ்கி லோரியான் துறைமுகத்துக்குள் நுழைந்தது. பிறகு பிரெஸ்ட், சான் நசேர், லா பாலிஸ், போர்தோ என்று தளங்கள் பெருகின.

அண்ணா, அந்த பங்கர் கூரைகள் நிஜமாகவே அவ்வளவு தடிமனா?

ஆமாம் தம்பி. லோரியானில் கெரோமான் மூன்றாம் பங்கரின் கூரை 7 மீட்டருக்கு மேல். நம் ஊரில் இரண்டு மாடி வீட்டின் உயரம் முழுக்கக் கம்பி கட்டிய கான்கிரீட் என்று வைத்துக்கொள். சில தளங்களில் அதற்கும் மேலே கான்கிரீட் விட்டங்களை அடுக்கி, நடுவில் வெற்றிடம் விட்டார்கள். குண்டு மேலடுக்கில் மோதி அந்த இடைவெளியிலேயே வெடித்துவிடும், அடியில் இருக்கும் கூரைக்குப் பெரிய சேதம் வராது.

எனக்குப் பிடித்தது கெரோமான் ஒன்றும் இரண்டும்தான். அங்கே நீர்மூழ்கி தண்ணீரிலேயே நிற்பதில்லை. 700 டன்னுக்கு மேற்பட்ட கப்பலை ஒரு தொட்டில் வண்டியில் ஏற்றி, சரிவுத்தளத்தில் கரைக்கு இழுப்பார்கள். அப்புறம் தண்டவாளத்தில் பக்கவாட்டாக ஓடும் மேடையில் நகர்த்தி, காலியாக இருக்கும் அறைக்கு எதிரே நிறுத்தி உள்ளே தள்ளுவார்கள். கதவை மூடிவிட்டால் மேலே என்ன விழுந்தாலும் உள்ளே வேலை நடக்கும்.

கட்டிக்கொண்டிருக்கும்போதே அடித்திருக்கலாமே?

அடித்திருக்க வேண்டும் என்பதுதான் என் கருத்தும். 1941இல் அடித்தளக் குழிகள் திறந்து கிடந்தன, கடலைத் தடுத்த அணைகள் வெளியே தெரிந்தன. ஆனால் இரவில் பறந்த பிரிட்டிஷ் விமானங்களின் குறி எப்படி இருந்தது? அந்த ஆகஸ்டில் வந்த பட் அறிக்கை என்ற பிரிட்டிஷ் ஆய்வு, விமானங்கள் எடுத்த புகைப்படங்களை வைத்துக் கணக்குப் பார்த்தது. இலக்கைத் தாக்கியதாகச் சொன்ன விமானங்களில் மூன்றில் ஒன்றுதான் இலக்கிலிருந்து 5 மைலுக்குள் போயிருந்தது! போதாததற்கு, அந்த வருடம் பிரெஸ்டில் நின்ற ஷார்ன்ஹோர்ஸ்ட், க்னைசனாவ் போர்க்கப்பல்களைத் துரத்துவதிலேயே பெரும் உழைப்பு போனது.

பங்கரை உடைக்க முடியாது என்று தெரிந்தும் 1943இல் ஏன் குண்டு போட்டார்கள்?

பங்கரை விட்டுவிட்டு ஊரை அழிப்பது என்று முடிவெடுத்தார்கள். 1943 ஜனவரி 14 அன்று பிரிட்டிஷ் விமானப்படைக்கு உத்தரவு வந்தது: லோரியான், சான் நசேர், பிரெஸ்ட், லா பாலிஸ் ஆகிய ஊர்களையே பரப்புக் குண்டுவீச்சுக்கு, அதாவது ஊர் முழுக்கக் குண்டு கொட்டுவதற்கு, உட்படுத்தலாம். மின்சாரம், தண்ணீர், பட்டறை, தொழிலாளர் வீடு எல்லாம் போனால் தளம் செத்துவிடும் என்ற கணக்கு. ஜனவரி, பிப்ரவரி இரவுகளில் தீக்குண்டுகள் கொட்டி லோரியான் எரிந்தது. மக்கள் கூட்டம் கூட்டமாக வெளியேறினார்கள். அது நேச நாட்டு மக்களின் ஊர் என்பதை மறக்கக் கூடாது. அந்த மே மாதம் ஜெர்மன் கடற்படைத் தலைவர் டோனிட்ஸே, இந்த ஊர்களில் நாய் பூனைகூட மிச்சமில்லை, பங்கர்கள் மட்டும் நிற்கின்றன என்ற பொருளில் பேசினார். வேலைக்கு வேண்டிய பட்டறைகள் அதற்குள் கூரைக்குக் கீழே போய்விட்டன.

அமெரிக்கர்கள் பகலில் போனார்களே, அவர்கள் கதை?

1942 அக்டோபர் 21 அன்று முதலில் லோரியான். நவம்பர் 9 அன்று சான் நசேரில் குறி சரியாக விழட்டும் என்று பி-17 குண்டுவீச்சு விமானங்கள் 10,000 அடிக்கும் கீழே இறங்கின. மூன்று விமானங்கள் வீழ்ந்தன, பல சல்லடையாகத் திரும்பின. மறுபடி அந்த உயரத்தை யாரும் விரும்பவில்லை. 1943 ஜனவரி 3 அன்று அதே ஊரின் மேல் ஆலன் மகீ என்ற துப்பாக்கி வீரர் 20,000 அடிக்கு மேலிருந்து பாராசூட் இல்லாமல் விழுந்தார். ரயில் நிலையத்தின் கண்ணாடிக் கூரையை உடைத்துக்கொண்டு விழுந்து, பிழைத்துக்கொண்டார். ஜெர்மன் மருத்துவர்கள்தான் காப்பாற்றினார்கள். கதையில் எழுதினால் நம்ப மாட்டோம்.

டால்பாய் குண்டு வந்ததும் நிலைமை மாறியதா?

மாறியது, ஆனால் தாமதமாக. பிரிட்டிஷ் பொறியாளர் பார்ன்ஸ் வாலிஸ் வடிவமைத்த சுமார் 5.4 டன் குண்டு அது. வால் இறகுகள் கொஞ்சம் சாய்ந்திருப்பதால் சுழன்றுகொண்டே நேராக இறங்கும். 1944 ஆகஸ்ட் 5 அன்று பிரிட்டிஷ் விமானப்படையின் 617 ஸ்குவாட்ரன் லாங்காஸ்டர் விமானங்கள் பிரெஸ்ட் பங்கரின் கூரையைத் துளைத்தன. அப்போது நேசப்படைகள் நார்மண்டியை உடைத்துக்கொண்டு பிரிட்டானிக்குள் புகுந்திருந்தன. டால்பாயின் அண்ணன் கிராண்ட் ஸ்லாம் குண்டு, சுமார் 10 டன். 1945 மார்ச் 27 அன்று ஜெர்மனியின் பிரேமன் அருகே ஃபார்கெயில் வாலன்டின் பங்கரின் கூரையில் அவற்றில் இரண்டு புகுந்தன. அங்கே ஒரு நீர்மூழ்கிகூடக் கட்டி முடிக்கப்படவில்லை. கட்டிடத்துக்காக உயிர்விட்ட கட்டாயத் தொழிலாளர்கள் மட்டும் ஆயிரத்துக்கு மேல்.

அப்படியென்றால் நீர்மூழ்கிகளை வென்றது யார்?

கடலுக்கு மேலே பறந்தவர்களும், கான்வாய் எனப்படும் சரக்குக் கப்பல் கூட்டங்களுக்குக் காவல் போன கப்பல்களும். 1943 மே மாதத்தில் மட்டும் 41 நீர்மூழ்கிகள் போயின. டோனிட்ஸ் மே 24 அன்று வட அட்லாண்டிக்கிலிருந்து பின்வாங்கினார். நீண்ட தூரம் பறக்கும் லிபரேட்டர்கள், புதிய ரேடார், சிறு விமானந்தாங்கிகள், சங்கேத உடைப்பு எல்லாம் சேர்ந்த பலன். நாலு என்ஜின் விமானங்களைக் கடல் வேலைக்குக் கொடுக்க பிரிட்டிஷ் குண்டுவீச்சுப் படைத் தலைவர் ஹாரிஸ் கடைசிவரை முரண்டு பிடித்தார். கொஞ்சம் முன்பே கொடுத்திருந்தால் லோரியானில் வீடுகளாவது மிஞ்சியிருக்கும்.

பிரான்ஸுக்கு வெளியே?

நார்வேயின் பெர்கன். 1944 அக்டோபர் 4 அன்று அங்கிருந்த லாக்ஸவோக் நீர்மூழ்கித் தளத்துக்கு வைத்த குறி தவறி ஹோலன் பள்ளியிலும் குண்டு விழுந்தது. இறந்த குழந்தைகள் மட்டும் 60க்கு மேல்.

நம் பக்கத்தில் இப்படி ஏதாவது நடந்ததா அண்ணே?

ஜப்பான் பிடித்திருந்த மலாயாவின் பினாங்கு. 1943 முதல் ஜெர்மன் நீர்மூழ்கிகள் அங்கிருந்து இந்தியப் பெருங்கடலில் வேட்டையாடின. அங்கே குண்டை விடக் கண்ணிவெடிதான் பேசியது. 1944 அக்டோபரில் வங்காளத்திலிருந்து கிளம்பிய லிபரேட்டர்கள், போய்வர சுமார் 3,000 மைல் பறந்து, துறைமுக வாயிலில் கடல் கண்ணிகளைப் போட்டுவிட்டு வந்தன. ஜெர்மானியர்கள் சீக்கிரமே படாவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) நகர்ந்தார்கள். கூரையை உடைப்பதை விட வாசலை அடைப்பது சுலபம்.

இப்போது போய்ப் பார்க்கலாமா?

தாராளமாக. கெரோமானில் ஃப்ளோர் என்ற பிரெஞ்சு நீர்மூழ்கிக்குள் ஏறிப் பார்க்கலாம். ஃபார்கெ நினைவிடமாக இருக்கிறது. இரண்டையும் ஒரே பயணத்தில் அடைக்காதீர்கள் சகோ, ஒன்று பிரிட்டானியில், மற்றது பிரேமன் பக்கம்.